மறியல் செய்யக் கடை இல்லை

கோவையில் கஞ்சா பிடிபட்டால் மறுநாள் நாளிதழில் படம் வந்துவிடும். மேசை நிறையப் பொட்டலம், பின்னால் விறைப்பாக நிற்கும் காவலர்கள், கைக்குட்டையால் முகத்தை மறைத்த இரண்டு பையன்கள். ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, ரயிலேறி, சேலம், ஈரோடு, திருப்பூர் என்று வழியெல்லாம் இறங்கிக்கொண்டே வரும் சரக்கு அது. தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் கேட்பாரற்றுக் கிடந்த பை என்ற செய்தி இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. சட்டமும் அதை நிறுத்துப் பார்க்கிறது: ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு.

அவனுடைய கதையில் நிறுத்துப் பார்க்க முடிந்தது பாதிதான். மீதிப் பாதி கைப்பேசிக்குள் இருந்தது. அதற்கு வாடை இல்லை, பொட்டலம் இல்லை, அதற்காக யாரும் பையைச் சோதிப்பதில்லை. கஞ்சாவும் ஆபாசப் படமும் சேர்ந்து அவனுடைய இருபதுகளைத் தின்று தீர்த்தன. எது அதிகம் தின்றது என்று கேட்டால் அவன் இன்றும் கைப்பேசியைத்தான் காட்டுவான்.

இந்தக் கட்டுரையில் வருகிறவன் ‘அவன்’ என்றே வருவான். தன் கதையைத் தன் பெயரில் எழுத அவனுக்கு இன்னும் கை வரவில்லை.

காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. அப்பாவுக்குக் கறிவேப்பிலையும் வாழையும். 2006-இல் கோவையில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது அவனிடம் இருந்தது கேமரா வைத்த சிறிய நோக்கியா. அவனுக்கு முந்தைய தலைமுறை ‘பிட்டுப் படம்’ பார்க்கக் காலைக்காட்சிக்குப் போய், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று விளக்கு அணைந்த பிறகு உள்ளே நுழைந்தது. அவன் தலைமுறைக்கு பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்பும், செல்போன் கடையின் மெமரி கார்டும் வாய்த்தன. கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற கடைக்காரர், “பாட்டு மட்டும் போதுங்களா தம்பி?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றால், அதுவே பதில்.

கஞ்சா இரண்டாம் ஆண்டில் வந்தது. விடுதி மொட்டைமாடி, நான்கைந்து பேர், ஒரு பொட்டலம். முதல் முறை இருமலைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதோ நான்காவதோ முறை நேரம் இளகியது. அதுதான் பிடித்துப்போனது.

இரண்டும் வெகுகாலம் தனித்தனியாகவே இருந்தன. கஞ்சா நண்பர்களோடு, படம் தனியாக. படிப்பு முடிந்து, பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, சரவணம்பட்டியில் தனியறை எடுத்த பிறகுதான் இரண்டும் ஒரே கட்டிலுக்கு வந்து சேர்ந்தன. வேலை முடிந்து வருவான். புரோட்டாப் பார்சலைப் பிரிக்குமுன் பற்றவைப்பான். பற்றவைத்ததும் கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். புகை சலிப்பை அழித்தது, படம் முடிவில்லாமல் புதிது புதிதாகக் கொடுத்தது. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் நிமிர்ந்து பார்த்தால் இரண்டரை. சில மாதங்களில் புகை இல்லாமல் படம் சப்பென்று ஆனது; படம் இல்லாமல் புகை எதற்கென்றே தெரியவில்லை.

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த நாடு, திடீரென்று கணக்குப் பார்ப்பதையே விட்டது. முதலில் டிசம்பர் வரை இலவசம், பிறகு 2017 மார்ச் வரை. பள்ளிப் பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியவர்களின் பக்திச் சொற்பொழிவுக்கும் திறந்த அதே மதகு அவன் அறைக்கும் திறந்தது. அரசு தடுக்காமல் இல்லை. 2015 ஆகஸ்டில் 857 தளங்களை முடக்கியது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் தளர்த்தியது. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 827 தளங்கள் முடக்கப்பட்டன. அந்த வாரம் அவனுடைய அலுவலகத்தில் தடையைத் தாண்டும் செயலியின் பெயர் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இடையில் அவன் வைத்தியம் பார்க்காமலும் இல்லை. மாதம் ஒரு நாள் ஊருக்கு வந்து லாட்ஜில் தங்கிப் பார்க்கும் பரம்பரை வைத்தியர்களின் விளம்பரம் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? அப்படி ஒருவரிடம் போனான். அவர் நாடி பிடித்தார், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், இழந்த சக்தியின் கணக்கைச் சொன்னார், ஒரு மண்டலத்துக்கு லேகியம் கொடுத்தார். கஞ்சாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விந்து போனால் உயிர் போகும் என்ற இந்தப் பயத்துக்கு 1960-இலேயே டாக்டர் என்.என். விக் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்து, அது மனநல மருத்துவப் பாடத்தில் ஏறிவிட்டது. லாட்ஜ் அறை வரை வந்து சேரவில்லை. லேகியம் வாங்கி வந்த இரவு அவனுக்குப் பயத்தில் தூக்கம் வரவில்லை. தூக்கத்துக்குப் புகைத்தான். புகைத்ததும் கைப்பேசியை எடுத்தான். வைத்தியரே வண்டியைத் தள்ளிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு 2020. மார்ச் மாத ஊரடங்கில் அறையைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். ரயில் இல்லை, பஸ் இல்லை, டாஸ்மாக் இல்லை, பொட்டலமும் இல்லை. முதல் வாரம் எரிச்சல். அம்மா தட்டு வைத்தால் எரிச்சல், ஆடு கத்தினால் எரிச்சல். மூன்றாம் வாரம் சரியானது. கஞ்சாவை விட்டுவிட்டோம் என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிப் பெருமைப்பட்டுக்கொண்டான். அந்த மாதங்களில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து அவன் பார்த்த படங்களின் நேரம் அதற்கு முந்தைய எந்த மாதத்தையும் விட அதிகம். ஒரு வாசலைச் சாத்தியதும் கூட்டம் முழுவதும் அடுத்த வாசலுக்கு வந்திருந்தது. அதை அவன் விடுதலை என்று நினைத்தான். வருடக் கடைசியில் கோவைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பொட்டலமும் திரும்பியது.

கஞ்சாவை விட்டு, படத்தை வைத்துக்கொள்வது. படத்தை விட்டு, கஞ்சாவை வைத்துக்கொள்வது. இந்த இரண்டு சோதனையையும் அவன் மாறி மாறிச் செய்திருக்கிறான். படத்தை நிறுத்திய நாட்களில் வெறுமையை ஆற்றப் புகை கூடும். புகை கூடிய இரவில் ‘இன்னைக்கு ஒரு நாள்’ என்று கை நீளும். கஞ்சாவை நிறுத்திய நாட்களில் தூக்கமின்மைக்கு மருந்தாகப் படம் வரும். அதோடு பின்னிக்கிடந்த பழைய வாசனையும் வரும். ஒவ்வொன்றும் மற்றதற்குக் காவல் இருந்தது.

2021 கோடையில் அம்மா அறையைப் பெருக்க வந்தபோது மெத்தைக்கடியில் பொட்டலம் கிடைத்தது. வீட்டில் பெரிய சத்தம் இல்லை. கொங்கு நாட்டு வீடுகளில் இதற்கென்று ஒரு மருந்து தயாராக இருக்கிறது. “ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாப் போயிருமுங்க” என்று பெரியம்மா சொன்னார். ஜாதகம் வெளியே வந்தது. யாரோ ஒரு வீட்டில், இதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கும் ஒரு பெண்ணை மருந்தாகக் கரைத்து இவனுக்குப் புகட்டுவதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். இந்த யோசனையைப் போலக் கொடூரமான ஒன்றை நல்லவர்கள் இவ்வளவு இயல்பாகச் சொல்வதுதான் ஆச்சரியம்.

குறுக்கே விழுந்தவர் தாய்மாமன். அவர் ஒரு காலத்தில் சாராயத்தில் கிடந்தவர். தொண்ணூறுகளில் சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையில் சேர்ந்து மீண்டவர். அந்த இடத்துக்கே ஒரு வீட்டுத் துயரம்தான் அடித்தளம். சாந்தி ரங்கநாதன் என்ற இளம்பெண் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தார். 1980-இல் கணவர் டி.டி. ரங்கநாதன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, குடியை ஒழுக்கக்கேடாக அல்ல, நோயாகப் பார்த்துச் சிகிச்சை தரும் வழியைத் தமிழ்நாட்டில் போட்டார். 1992-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நோயாளிக்கு மட்டுமல்லாமல் வீட்டாருக்கும் அங்கே தனியாகப் பயிற்சி உண்டு. மாமனோடு அத்தையும் போய் உட்கார்ந்திருக்கிறார்.

“ஏனுங்கக்கா, என்னைய கண்ணாலம் பண்ணித்தானே வெச்சீங்க? குடிய உட்டனா?” என்று மாமன் தன் அக்காவைக் கேட்டார். அத்தை அடுப்படியில் இருந்து சிரித்தது கூடத்தில் கேட்டது. ஜாதகம் உள்ளே போனது.

மருத்துவமனைக்குப் போக அவனுக்கு இருந்த பயம் போலீஸ் பயம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் கஞ்சா புகைப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு தொடர்புடைய, பழக்கத்துக்கு ஆட்பட்டவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்பு பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பிரிவை அவனுக்குச் சொன்னது ஒரு வக்கீல் நண்பன். கல்லூரி வாசல்களில் நடக்கும் உறுதிமொழிக் கூட்டங்களில் 27-ஐ விட இதைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

மனநல மருத்துவர் முதல் நாள் கேட்ட கேள்விகளில் ஒன்று அவனை உலுக்கியது. “போன எடுக்கறது பத்த வைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” அவன் கஞ்சாவைப் பற்றி மட்டுமே பேச வந்திருந்தான். தனியாக இருக்கும் வாலிபன் ராத்திரியில் புகைத்துவிட்டு என்ன செய்வான் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. சொன்னான். அவர் முகம் மாறவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அங்கேதான் அவனுக்கு ஒரு வேறுபாடு விளங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. அதைப் போதை அடிமைத்தன வரிசையில் வைக்காமல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். அறிஞர்களுக்குள் இதில் இன்னும் வழக்கு உண்டு. முக்கியமானது அதில் உள்ள ஒரு நிபந்தனை. ‘இது பாவம்’ என்ற மனக்கஷ்டம் மட்டும் இருந்தால் அது நோயாகாது. வேலை, தூக்கம், உறவு கெட வேண்டும். நிறுத்த முயன்று மீண்டும் மீண்டும் தோற்றிருக்க வேண்டும். லாட்ஜ் வைத்தியர் அவன் குற்றவுணர்வுக்கு மருந்து கொடுத்தார். இவர் குற்றவுணர்வை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு, கெட்டுப்போன தூக்கத்தையும் தவறவிட்ட வேலை நாட்களையும் கேட்டார்.

இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னார். கஞ்சாவை விடுவிக்கத் தனி மாத்திரை இன்றுவரை இல்லை. தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் மாத்திரை, வாரம் ஒரு முறை ஆலோசனை, அவ்வளவே. ‘கஞ்சாவுக்கு விலகல் தொல்லை கிடையாது’ என்று அவன் கூட்டாளிகள் சத்தியம் செய்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில்கூட அது 2013-இல்தான் தனித் தலைப்பாக ஏறியது. ஆனால் உடம்பு கையேடு படிப்பதில்லை. இரண்டாம் நாளே பசி போனது. இரவில் பனியன் நனைய வேர்த்தது. ஒரு வாரம் கழித்துக் கனவுகள் வந்தன: வண்ணத்தோடு, வாடையோடு, பல ஆண்டுகளாகக் கனவே காணாதவனுக்கு ஒரே இரவில் நான்கைந்து. வருடக்கணக்கில் புகைத்தவர்களுக்கு இப்படிக் கனவு பெருகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால்தான் பைத்தியம் பிடிக்கிறதோ என்று அவன் பயப்படவில்லை.

கைப்பேசிதான் சிக்கல். கஞ்சாவை விட்டவன் அதை விற்கும் சந்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். வரைபடம் அனுப்ப, சம்பளம் வாங்க, பஸ் டிக்கெட் எடுக்க, அம்மாவோடு பேச எல்லாவற்றுக்கும் அந்தப் பொருளேதான்.

இங்கே கொங்கு நாட்டின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டில் உள்ள அந்த இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக ஊரே இன்றும் சொல்லும். 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்த ராஜாஜி, 1929-இல் மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார். உடனிருந்து வேலை பார்த்தவர் கல்கி. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கு முதலில் வந்தது. போதைக்கு எதிராகத் தெருவில் இறங்கிய மண் இது. கள்ளுக்குக் கடை இருந்தது, கடைக்கு வாசல் இருந்தது, வாசலில் நிற்க முடிந்தது. கைப்பேசிக்குள் இருப்பதற்கு எந்த வாசலில் நிற்பது? அதைப் பற்றிப் பேச மேடையும் இல்லை. ‘போதைப்பொருள் இல்லாத் தமிழ்நாடு’ என்று 2022 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். நல்ல காரியம். மற்றொன்றுக்கு எந்தத் தலைமை ஆசிரியர் உறுதிமொழி வாசிப்பார்?

வெளியில் வாய் திறந்தவர்கள் உண்டு. ஹாலிவுட் நடிகர் டெர்ரி குரூஸ், அமெரிக்கக் கால்பந்து ஆடிய மலை போன்ற ஆள், 2016-இல் தன் ஆபாசப் பட அடிமைத்தனத்தையும் அதற்காகச் சிகிச்சைக்குப் போனதையும் கேமராவைப் பார்த்துச் சொன்னார். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-இலேயே ‘ஷட்’ என்ற பெயரில், தொழில்நுட்பத்தில் சிக்கியவர்களுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தது நீதிமன்றத்தில். குழந்தைகளைக் காட்டும் ஆபாசக் காட்சிகள் தொடர்பான ஒரு வழக்கில், 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இன்றைய இளைஞர்களின் இந்தப் பழக்கத்தைச் சமூகம் தண்டிப்பதை விட்டு வழிகாட்டக் கற்க வேண்டும் என்று எழுதினார். அந்த வழக்கை அவர் ரத்து செய்ததை செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அப்படிப்பட்ட காட்சிகளை வைத்திருப்பது குற்றம்தான் என்றது. அது சரியான தீர்ப்பு. ஆனாலும் அடிமைத்தனம் பற்றி நீதிபதி எழுப்பிய பேச்சு அந்த வழக்கோடு சேர்ந்து மூடப்பட்டதில் அவனுக்கு வருத்தம் உண்டு.

மருத்துவர் சொல்லி, நார்காட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போனான். முதல் நாள் வருகிறவருக்கு வெள்ளை நிறச் சாவி வில்லை தருவார்கள். முப்பது நாளுக்கு ஆரஞ்சு, அறுபதுக்குப் பச்சை, தொண்ணூறுக்குச் சிவப்பு. அங்கே கஞ்சாவைப் பற்றி எவ்வளவும் பேச முடிந்தது. ஊசி போட்டவர்கள், மாத்திரை கரைத்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். மற்றதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. பல வாரம் கழித்து, அவனுக்கு வழிகாட்டியாக இருந்த, லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் டீக்கடையில் வைத்துச் சொன்னான்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நமக்கும் அதேதானுங் தம்பி. எனக்கு அது நின்னு ஒண்ணரை வருசந்தான் ஆவுது. கஞ்சா நின்னு ஆறு வருசம்.”

ஆறு வருடமாகக் கூட்டத்தில் பேசுகிற மனிதர் நாலரை வருடம் பாதியை மட்டும் பேசியிருக்கிறார்.

அதன்பின் நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். தனியறையைக் காலி செய்துவிட்டு மாமன் வீட்டு முன்னறைக்கு மாறினான். ஸ்மார்ட்போன் எட்டு மணிக்கு மேல் அத்தையின் பீரோவில்; கையில் பட்டன் போன். பசி, கோபம், தனிமை, களைப்பு: மீட்சிக் கூட்டங்களில் சொல்லும் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனைக் கவிழ்த்தது பெரும்பாலும் பசிதான் என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பது மணி வரை காபியோடு ஓட்டுகிறவன் அவன். ஆறரைக்கு இட்லி என்று ஆனதும் மாலை வேளை பாதி அடங்கியது. இதை எந்தப் புத்தகமும் அவனுக்குச் சொல்லவில்லை. அத்தை சொன்னார்.

சறுக்கவும் செய்தான். நண்பன் கல்யாணத்துக்கு வால்பாறை போன இரவில் இரண்டும் ஒன்றாகவே திரும்பி வந்தன. பிரிந்து வரத் தெரியாதவை. மறுநாள் காலை அண்ணனுக்குப் போன் செய்தான். மறுபடி வெள்ளை வில்லை.

2024-இல் ஒரு பெண் வீடு பார்க்கப் போனார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. பேசி முடிக்குமுன் தனியாகப் பேச வேண்டும் என்று அவனே கேட்டு, தோட்டத்து வரப்பில் நின்று இரண்டையும் சொன்னான். சிகிச்சையையும் சொன்னான், வால்பாறையையும் சொன்னான். அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “இப்ப போன் யாருகிட்ட இருக்குதுங்க?” மாமன் வீட்டுப் பீரோவில் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் கழித்து வேண்டாம் என்று பதில் வந்தது. அதை அவன் நியாயமான பதிலாகவே எடுத்துக்கொண்டான். அன்றிரவு அண்ணன் பட்டறையில் பத்தரை மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஓராண்டுக்குள் கஞ்சா, பாங்கு வகைகளைத் தொட்டவர்கள் சுமார் 3.1 கோடி, அதில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 72 லட்சம். அவர்களில் எத்தனை பேர் அவனைப் போல இரட்டைச் சிக்கலில் இருக்கிறார்கள் என்று அந்தக் கணக்கெடுப்பு கேட்கவில்லை. கூட்டத்துக்கு வரும் பையன்களிடம் இப்போது அவனே கேட்கிறான். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கொடுக்கிறான். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

போன மாதம் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒரு தம்பி வந்தான். கஞ்சாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மருத்துவர் தன்னிடம் கேட்டதையே கேட்டான். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, “பின்னாடிதானுங்ணா” என்றான்.

“எத்தன மணிக்கு ஆரம்பிக்கும்?”

“ஷிப்ட் முடிஞ்சு, பொழுதோட எட்டு மணிக்குங்ணா.”

“எட்டு மணிக்கு முன்னாடி கடைசியா எப்பச் சாப்புடுவே?”

தம்பி யோசித்தான். மத்தியானம் ஒன்றரைக்கு என்றான். அங்கிருந்து பேச்சு தொடங்கியது.